முதல்நூலுக்கு முன்பே வந்த வழிநூல்

1994 டிசம்பர் 26 அன்று ஜப்பானில் கடைகளுக்கு வந்த 'ஷோனென் ஏஸ்' மாத இதழில் 'நியான் ஜெனிசிஸ் எவாஞ்சலியன்' என்னும் மங்காவின், அதாவது ஜப்பானியப் படக்கதையின், முதல் அத்தியாயம் வெளியாகியிருந்தது. அதே பெயர் கொண்ட அனிமே, அதாவது அசைவோவியத் தொடர், தொலைக்காட்சிக்கு வந்ததோ 1995 அக்டோபர் 4 அன்றுதான். தேதிகளை மட்டும் பார்ப்பவர் மங்காவே மூலம், அனிமே அதன் தழுவல் என்று முடிவுகட்டிவிடுவார். உண்மை நேர்மாறானது. ஹிதேஆகி அன்னோவின் இயக்கத்தில் அனிமே உருவாகிக்கொண்டிருந்தபோதே, அதன் பாத்திரங்களை வடிவமைத்த யோஷியுகி சடமோட்டோ அதே கதையை மங்காவாகவும் வரையத் தொடங்கினார். வரப்போகும் தொடருக்கு வாசகர்களை முன்கூட்டியே தயார்செய்வதும் அந்த மங்காவின் வேலையாக இருந்தது. அனிமே 26 அத்தியாயங்களோடு 1996 மார்ச்சில் முடிந்துவிட்டது. மங்கா முடிந்தது 2013-இல். விளம்பரத் துணையாகப் பிறந்த ஒன்று, தான் துணைநின்ற தொடர் ஓய்ந்த பிறகும் 17 ஆண்டுகள் தன்வழியே நடந்திருக்கிறது.

புகழ்பெற்ற தொடர்களின் மங்கா வடிவங்களையும் கிளைக்கதைகளையும் கையில் எடுக்கும் வாசகர்கள் பெரும்பாலும் இரண்டு கேள்விகளோடுதான் வருகிறார்கள். இது மூலக்கதையோடு அப்படியே ஒத்துப்போகிறதா என்பது ஒன்று. இதில் நடப்பவை அதிகாரபூர்வக் கதையில் சேருமா என்பது மற்றொன்று. இரண்டும் நியாயமான கேள்விகள்தாம். ஆனால் அவற்றோடு நின்றுவிட்டால் படைப்பு கைநழுவிப்போகும் என்பது என் துணிபு. மூலம் எந்த நிலையில் இருந்தபோது இது வரையப்பட்டது, யார் கையால் வரையப்பட்டது, மூலம் வெற்றிடமாக விட்ட எந்த இடத்தில் இது குடியேறியது என்று கேட்டுக்கொண்டு படித்தால், 'தெரிந்த கதைதானே' என்று ஒதுக்கப்படும் பல மங்காக்கள் வேறொரு முகத்தைக் காட்டும்.

இந்த உறவுகளைப் பேசுவதற்குத் தமிழில் புதிதாகச் சொல் தேட வேண்டியதில்லை. நன்னூல் முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்று நூல்களை வகுத்திருக்கிறது. முன்னோர் நூலின் முடிவோடு முழுதும் ஒத்து, பின்னவர் வேண்டும் வேறுபாடுகளையும் சேர்த்துச் சொல்வது வழிநூல். ஒரு பகுதியில் மட்டும் ஒத்து, மற்றவற்றில் வேறுபட்டு நடப்பது சார்புநூல். ஜப்பானியப் பதிப்புலகில் ஒரு கதையை மங்காவாக்குவதைக் 'கோமிகரைசு' என்பார்கள். நம் வகைப்பாட்டில் அது வழிநூல். மையக்கதைக்கு வெளியே நிற்கும் கதையைக் 'கைடென்' என்பார்கள். அது சார்புநூலுக்கு நெருக்கமானது. வழிநூலில் வேறுபாடு இருப்பதை நம் இலக்கணம் குறையாகச் சொல்லவில்லை, அதன் இலக்கணமாகவே சொல்கிறது. மங்காவாக்கங்களை அணுகவும் இதுவே சரியான மனநிலை.

இத்தகைய மங்காக்கள் ஜப்பானில் ஏன் இத்தனை பெருகின என்பதற்குத் தொழில் சார்ந்த காரணம் உண்டு. ஓர் அனிமே தொடருக்கு நூற்றுக்கணக்கானோரின் உழைப்பும் பெருமுதலும் வேண்டும். ஒரு மங்காவுக்கு ஓவியர் ஒருவரும் உதவியாளர்கள் சிலரும் போதும். மாத இதழிலோ வார இதழிலோ தொடராக வந்து, வரவேற்பைப் பார்த்து நீளவோ நிற்கவோ அதனால் முடியும். தொடர்கதைகளுக்காக வார இதழ்களை வாங்கிய தலைமுறைத் தமிழ் வாசகர்களுக்கு இந்த முறை அந்நியமானதன்று. ஒரே கதையைத் திரைப்படம், நாவல், மங்கா, பொம்மை, விளையாட்டு எனப் பல வடிவங்களில் ஒரே நேரத்தில் சந்தைக்குக் கொண்டுவரும் 'மீடியா மிக்ஸ்' என்ற முறையைக் கடோகாவா போன்ற பதிப்பகங்கள் தங்கள் அடிப்படை வணிகமாகவே ஆக்கிக்கொண்டன. 'ஷோனென் ஏஸ்' இதழும் கடோகாவாவினுடையதே.

வெளிநாட்டுக் கதைகளும் இந்த வழியில் ஜப்பானுக்குள் வந்தன. 1966-இல் அமெரிக்காவின் 'பேட்மேன்' தொலைக்காட்சித் தொடர் ஜப்பானில் ஒளிபரப்பானபோது, 'ஷோனென் கிங்' இதழுக்காக ஜிரோ குவாதா பேட்மேனை மங்காவாக வரைந்தார். அமெரிக்க இதழ்களின் கதைகளை அடிப்படையாக வைத்துக்கொண்டு, ஜப்பானியச் சிறுவர்களுக்கு ஏற்றபடி அவர் திருத்தி எழுதினார். ஓராண்டில் தொடர் முடிந்தது. பிறகு ஏறத்தாழ 40 ஆண்டுகள் அதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. 2008-இல் அமெரிக்காவில் அதன் பக்கங்கள் நூலாக வந்த பிறகு நிலைமை மாறியது. குவாதா வரைந்த 'லார்ட் டெத் மேன்' என்ற வில்லன் பின்னர் அமெரிக்கப் பேட்மேன் கதைகளுக்குள்ளேயே, டோக்கியோவில் நடக்கும் ஒரு கதையில் வந்து நின்றான். ஆற்றிலிருந்து பிரிந்த வாய்க்கால் மீண்டும் ஆற்றுக்கே நீர் கொண்டுவந்த கதை இது.

ஒரு மங்காவை எப்படிப் படிப்பது என்பதற்கான முதல் குறிப்பு அதன் அட்டையிலேயே இருக்கிறது. ஜப்பானிய மங்கா அட்டைகளில் பெயர்களுக்கு முன்னால் சிறிய எழுத்தில் ஒரு சொல் அச்சிடப்பட்டிருக்கும். 'கென்சாகு' என்றால் மூலக்கதை அவருடையது. 'கெனான்' என்றால் மூலக் கருத்து மட்டும் அவருடையது. 'கான்ஷூ' என்றால் மேற்பார்வை. 'சகுகா' என்றால் படம் வரைந்தவர். கென்சாகுவுக்கும் கெனானுக்கும் இடையில் இருப்பது ஒரே ஒரு எழுத்தின் வேறுபாடு. ஆனால் ஓவியருக்குத் தரப்பட்ட கயிற்றின் நீளம் அதில் தெரிந்துவிடும். 'டிராகன் குவெஸ்ட்: டாயின் பெருஞ்சாகசம்' மங்காவில் விளையாட்டை உருவாக்கிய யூஜி ஹோரியின் பெயர் மேற்பார்வையாளராகத்தான் வருகிறது, கதை ரிகு சான்ஜோவினுடையது, ஓவியம் கோஜி இனாடாவினுடையது. ஆகவே அது எந்த விளையாட்டின் கதையையும் திரும்பச் சொல்லவில்லை. மந்திரங்களையும் அரக்கர்களையும் விளையாட்டிலிருந்து எடுத்துக்கொண்டு, 1989 முதல் 1996 வரை 37 தொகுதிகளுக்குத் தன் சொந்தக் கதையை அது வளர்த்தது. விளையாட்டைத் தொட்டே பார்க்காதவரும் அதைத் தாராளமாகப் படிக்கலாம். முதல் சண்டைகளில் பயந்து ஓடும் பொப் என்ற மந்திரவாதிச் சிறுவன் மெல்ல மெல்லத் துணிவு பெறும் பகுதிகளுக்காகவே படிக்கலாம்.

அட்டையில் தெரியும் இந்த நுணுக்கத்துக்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு, ராட்சத இயந்திரங்களில் ஏறிப் போரிடுவோரின் கதையான 'மொபைல் சூட் கண்டாம்: தி ஆரிஜின்'. அதன் அட்டையில் மங்கா என்ற சொல்லின் அருகில் யோஷிகாசு யாசுஹிகோவின் பெயரும், கெனான் என்ற சொல்லின் அருகில் ஹஜிமே யதாதே, யோஷியுகி டோமினோ ஆகிய பெயர்களும் இருக்கும். ஹஜிமே யதாதே என்று ஒரு மனிதர் இல்லை. அனிமேயைத் தயாரித்த சன்ரைஸ் நிறுவனத்தின் படைப்புக் குழு தனக்கு வைத்துக்கொண்ட புனைபெயர் அது. டோமினோ 1979-இன் மூலத் தொடரை இயக்கியவர். யாசுஹிகோ அதே தொடரின் பாத்திரங்களை வடிவமைத்து, அசைவோவியங்களையும் மேற்பார்த்தவர். அதாவது மூலத்தைச் செய்த கைகளுள் ஒன்றே, 20 ஆண்டுகளுக்குப் பிறகு வழிநூலையும் வரைந்தது.

அந்த 20 ஆண்டுகளில் என்ன நடந்தது என்பது தெரிந்தால்தான் இந்த மங்காவின் எடை புரியும். 1979 ஏப்ரலில் தொடங்கிய கண்டாம் தொடருக்கு முதலில் பார்வையாளர்கள் போதிய அளவில் வரவில்லை. பொம்மை விற்பனையை எதிர்பார்த்த விளம்பரதாரரும் பின்வாங்க, 52 அத்தியாயங்களாகத் திட்டமிடப்பட்ட தொடர் 43-லேயே 1980 ஜனவரியில் முடித்துவைக்கப்பட்டது. அதன் புகழெல்லாம் மறுஒளிபரப்பிலும், பிளாஸ்டிக் மாதிரிப் பொம்மைகளின் விற்பனையிலும், பின்னர் வந்த மூன்று திரைப்படங்களிலும் கிடைத்தவை. தொடரின் பிற்பகுதி தயாராகிக்கொண்டிருந்தபோது யாசுஹிகோ நோயுற்று மருத்துவமனையில் சேர்ந்தார். எனவே இறுதி அத்தியாயங்களில் அவர் கை படவில்லை. 1980-களின் முடிவில் அனிமே துறையைவிட்டே விலகி முழுநேர மங்கா ஓவியரானவர், வரலாற்றுக் கதைகளை வரைவதில் இறங்கினார். மஞ்சூரியாவில் ஜப்பானியப் பேரரசு நடத்திய ஆட்சியைப் பின்புலமாகக் கொண்ட நெடுங்கதையும் அவற்றுள் ஒன்று. பின்னர் 2001-இல் 'கண்டாம் ஏஸ்' என்ற புதிய இதழ் தொடங்கப்பட்டபோது, அதில் மூலக்கதையை முதலிலிருந்து மீண்டும் வரையத் தொடங்கினார். அந்தத் தொடர் 2011 வரை நீண்டது.

மங்காவில் அவர் செய்த மாற்றங்கள் இந்த வரலாற்றோடு பின்னிக் கிடக்கின்றன. தொலைக்காட்சித் தொடரில் நாயகர்கள் செல்லும் வெள்ளைக் கப்பலின் பயணம் உலகைச் சுற்றியலைந்து, ஒடெஸா போரைக் கடந்து, பிறகே தென் அமெரிக்காவின் ஜாபுரோ தளத்தை அடைகிறது. மங்காவில் ஜாபுரோ முன்னால் வருகிறது, ஒடெஸா பின்னால் போகிறது. வட அமெரிக்காவில் இறங்கிய கப்பல் அதே நிலப்பரப்பில் தெற்கே போவது வரைபடத்தைப் பார்த்தாலே இயல்பாகத் தெரிகிறது. வாரம் ஒரு சண்டை என்ற கட்டாயத்தில் எழுதப்பட்ட கதைக்குப் பூகோளத்தைச் சரிபார்க்க நேரம் இருந்திருக்காது. பத்தாண்டுகள் உட்கார்ந்து வரைந்தவருக்கு இருந்தது.

இதைவிடப் பெரிய மாற்றம் கதையின் நடுவில் இருக்கிறது. மூலத் தொடரில் முகமூடி அணிந்த ஷார், தன் தந்தையைக் கொன்றதாகத் தான் நம்பும் ஜாபி குடும்பத்தைப் பழிவாங்கத் துடிப்பவன் என்பது சில வசனங்களிலும் சில நினைவுக் காட்சிகளிலும் மட்டுமே சொல்லப்பட்டது. யாசுஹிகோ மையக்கதையை நிறுத்திவைத்து, பல தொகுதிகளுக்கு அந்தப் பழங்கதைக்குள் போகிறார். ஒரு தலைவரின் திடீர் மரணம், சவ ஊர்வலத்தை அரசியல் மேடையாக்கும் குடும்பம், தெருவில் திரளும் கூட்டம், அக்கூட்டத்துக்குள் ஒளித்து வெளியேற்றப்படும் இரண்டு குழந்தைகள் எனப் பக்கங்கள் நகர்கின்றன. ராட்சத இயந்திரங்கள் அங்கே நெடுநேரம் வருவதே இல்லை. ஒரு சர்வாதிகாரம் எப்படி வீட்டுக் கூடத்திலிருந்து வளர்கிறது என்று இவ்வளவு பொறுமையாக வரைந்தவர், வரலாற்றுக் கதைகளில் பழகிய கையோடு திரும்பிவந்தவர் என்பதை ஒவ்வொரு பக்கமும் சொல்கிறது. தூரிகையால் கோடு இழுக்கும் அவருடைய பழக்கத்தால் முகங்களில் ஓர் ஈரம் நிற்கிறது; ஷாரின் தங்கையான குழந்தை அர்தேசியாவின் கண்களைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். 2015 முதல் 2018 வரை ஆறு பாகங்களாக இந்த மங்கா அனிமே ஆனபோது எடுத்துக்கொள்ளப்பட்டதும் இந்தப் பகுதிதான். மூலத்தில் இல்லாத பகுதியே மூலத்தின் வடிவத்துக்குத் திரும்பிப்போனது.

இதே தொடரில் இன்னும் சிறிய, எனக்கு இன்னும் பிரியமான ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1979 தொடரின் 15-ஆம் அத்தியாயம் 'குகுருஸ் டோவானின் தீவு'. எதிரிப் படையிலிருந்து ஓடிவந்த டோவான் என்ற வீரன், போரில் பெற்றோரை இழந்த பிள்ளைகளை ஒரு தீவில் வைத்து வளர்க்கிறான். அந்தப் பெற்றோரைக் கொன்றது அவனேதான். போரின் வாடை அவனோடு ஒட்டியிருக்கும்வரை ஆபத்து தேடிவரும் என்று சொல்லி, ஸாகு என்ற அவனுடைய ராட்சதப் போர் இயந்திரத்தைத் தொடரின் நாயகன் அமுரோ கடலில் வீசிவிடுகிறான். மையக்கதையை ஓர் அங்குலமும் நகர்த்தாத அத்தியாயம். அதன் ஓவியங்களும் கோணலாக அமைந்துவிட்டதால் ரசிகர்களிடையே அது ஒரு கேலிப்பொருளாகவே இருந்தது. திரைப்படத் தொகுப்புகளில் அது இடம்பெறவில்லை. ஆங்கில வெளியீட்டிலும் சேர்க்கப்படவில்லை. யாசுஹிகோவின் மங்காவும் அதை விட்டுவிட்டது. இப்படி எல்லாரும் விட்டுவிட்ட இடத்தில்தான் கிளைக்கதை முளைத்தது. 2016 முதல் ஜுன்ஜி ஓனோ அதே 'கண்டாம் ஏஸ்' இதழில் டோவானை மையமாக வைத்து ஒரு தனி மங்கா வரைந்தார். 2022 ஜூனில் யாசுஹிகோவே இயக்கிய திரைப்படமாக டோவானின் தீவு வந்தது. அதில் டோவானின் ஸாகுவை மட்டும் கூர்ந்து பாருங்கள். மற்ற ஸாகுக்களைப் போலன்றி அதன் முகம் முன்னோக்கி நீண்டிருக்கும். 1979-இல் பிழையாக விழுந்த கோட்டை அடித்துத் திருத்தாமல், அந்த இயந்திரத்துக்கே உரிய முகமாக ஆக்கியிருக்கிறார்கள். பழைய அத்தியாயத்தை மதித்தவர்களால் மட்டுமே இப்படிச் செய்ய முடியும்.

மீண்டும் எவாஞ்சலியனுக்கு வருவோம். அனிமேயில் கவோரு என்ற சிறுவன் ஏறத்தாழ ஒரே அத்தியாயத்துக்குத்தான், 24-ஆம் அத்தியாயத்துக்குத்தான் வருகிறான். ஏரிக்கரையில், உடைந்த சிலையின்மேல் உட்கார்ந்து பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனியை முணுமுணுக்கிறான். நண்பர்கள் எல்லாரையும் இழந்து நிற்கும் கதைநாயகன் ஷிஞ்சி அவன் அன்பில் உடனே கரைந்துபோகிறான். சடமோட்டோவின் மங்காவில் சந்திப்பு ஒரு பாழடைந்த கட்டடத்தில் நிகழ்கிறது. கவோரு பியானோ வாசித்துக்கொண்டிருக்கிறான். காலைச் சுற்றும் ஒரு பூனைக்குட்டியை அவன் கையில் எடுத்து, கழுத்தை நெரித்துக் கொன்றுவிடுகிறான். தாயில்லாமல் பட்டினியில் மெல்லச் சாவதைவிட இது மேல் என்பது அவன் தரும் விளக்கம். அவன் முகத்தில் கொடுமை இல்லை. புரியாமை மட்டும்தான் இருக்கிறது. ஷிஞ்சி அவனை வெறுத்து ஒதுக்குகிறான். கவோருவும் ஓர் அத்தியாயத்தில் வந்துபோகாமல் பல அத்தியாயங்களுக்குத் தங்கிவிடுவதால், அந்த வெறுப்பு எப்படி, எவ்வளவு தூரம் இளகுகிறது என்பதே மங்காவின் கேள்வியாகிவிடுகிறது.

மாற்றத்துக்கு வடிவத்திலும் காரணம் இருக்கிறது. அனிமேயில் ஷிஞ்சியின் இயந்திரம் கவோருவைக் கையில் பிடித்தபடி நிற்க, ஒரு நிமிடத்துக்கும் மேலாகப் படம் அசையாமல் உறைந்து நிற்கும். இசை மட்டும் ஓடும். பார்ப்பவர் அந்தக் காத்திருப்பிலிருந்து தப்பவே முடியாது. மங்காவில் இது நடக்காது. பக்கத்தில் எவ்வளவு நேரம் நிற்பது என்பது வாசகரின் விரலில் இருக்கிறது. திரை ஒரு நிமிட அசைவின்மையால் சாதித்ததை மங்கா முன்கூட்டியே, பல மாத இதழ்களில், ஒரு பூனைக்குட்டியிலிருந்து தொடங்கிக் கட்டியெழுப்ப வேண்டியிருந்தது. தோஜி என்ற நண்பன் அனிமேயில் காலை இழந்து உயிர்பிழைக்கிறான். மங்காவில் இறந்தே போகிறான். இரண்டில் எது உண்மையான எவாஞ்சலியன் என்று கேட்பதைவிட, அந்த இறப்புக்குப் பிறகு ஷிஞ்சி கவோருவை ஏற்க ஏன் அவ்வளவு தயங்குகிறான் என்று கேட்டுப் படிப்பதே பயன் தரும்.

இதே தொடரிலிருந்து சார்புநூல்களும் கிளைத்தன. அனிமேயின் கடைசி அத்தியாயத்தில் சில நிமிடங்கள் வேறோர் உலகம் வரும். அங்கே ஷிஞ்சி ஒரு சாதாரணப் பள்ளி மாணவன். வாயில் ரொட்டித் துண்டைக் கவ்வியபடி ஓடிவரும் ரேய் தெருமுனையில் அவன்மேல் மோதுகிறாள். அந்தச் சில நிமிடங்களை விரித்தே ஃபுமினோ ஹயாஷி 2003 முதல் ஒரு தனி மங்காவை வரைந்தார். மூலம் ஒரு கனவாகக் காட்டிக் கலைத்த உலகம் அங்கே பள்ளிக்கூடக் காதல் கதையாக நிலைபெறுகிறது. மூலத்தின் இருளை அறிந்தவருக்கு அதன் எளிய சிரிப்புகள்கூட மனத்தைத் தொடும். அறியாதவருக்கு அது இன்னொரு பள்ளிக் கதை. சார்புநூல் எவ்வளவு தூரம் முதல்நூலைச் சார்ந்திருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

பிற்காலக் கிளைக்கதைகள் பல, ஒரே நிகழ்ச்சியை மறுபக்கத்திலிருந்து காட்டுவதில் தேர்ந்தவை. கசுமா கமாச்சியின் நாவல் தொடரில், தன் நகல்கள் ஆயிரக்கணக்கில் கொல்லப்படுவதை அறிந்த மிகோடோ என்ற மாணவி, இரவில் ஓர் இரும்புப் பாலத்தில் தனியே நிற்பதை நாயகன் தோமாவின் கண்களால்தான் நாம் காண்கிறோம். அதன் கிளைக்கதையாக 2007-இல் தொடங்கிய 'ரெயில்கன்' மங்காவில் அவள் அந்தப் பாலத்துக்கு வந்துசேர்ந்த வழி முழுவதையும் அவளோடு நடக்கிறோம். முடிவு முன்பே தெரிந்திருப்பது இங்கே சுவையைக் குறைக்கவில்லை, கூட்டுகிறது. 'மை ஹீரோ அகடெமியா'வின் முன்கதையான 'விஜிலான்டீஸ்', மூலக்கதையில் பள்ளி ஆசிரியராக வரும் அய்சாவாவின் பள்ளி நாள்களையும், இறந்துபோன அவர் நண்பன் ஷிராகுமோவையும் விரித்துக்காட்டியது. ஏறத்தாழ அதே காலத்தில் மூல மங்காவும் ஷிராகுமோவின் பெயரைத் தன் முக்கியத் திருப்பம் ஒன்றில் வெளிப்படுத்தியது. இரண்டையும் படித்தவர்களுக்கு அந்தத் திருப்பம் இருமடங்கு வலித்திருக்கும்.

எந்த வரிசையில் படிப்பது என்பதற்கு ஒரே விதி இல்லை. வழிநூலைத் தனியாகப் படிக்கலாம்; யாசுஹிகோவின் கண்டாமை முதலில் படித்துவிட்டு 1979 தொடருக்குப் போவதில் தவறேதும் இல்லை. மறுபக்கம் காட்டும் கிளைக்கதையை மூலத்தின் அந்தப் பகுதிவரையாவது படித்த பிறகே எடுக்க வேண்டும். முன்கதை என்று பெயர் பெற்றவற்றை முதலில் படிப்பதுதான் எளிதில் செய்யும் பிழை. கதைக்குள் முன்னால் நடப்பவை என்றாலும், பின்னால் நடப்பதை அறிந்த வாசகருக்காகவே அவை எழுதப்படுகின்றன. தமிழ் வாசகர்களில் பலர் மங்காவை ஆங்கில மொழிபெயர்ப்பில், செயலிகள் வழியாகப் படிக்கிறோம். 2019-இல் ஷூயெய்ஷா நிறுவனம் தொடங்கிய 'மங்கா பிளஸ்' போன்றவற்றில் மூலமும் கிளையும் ஒரே பட்டியலில் அடுத்தடுத்துக் கிடக்கும். ஜப்பானிய வாசகர் மாதம் ஓர் அத்தியாயமாக, மூலத்துக்காகக் காத்திருந்த நாள்களின் நடுவே படித்ததை நாம் ஒரே இரவில் படித்து முடித்துவிடுகிறோம். அதனால்தான் வெளியான ஆண்டை ஒருமுறை பார்த்துக்கொள்வது நமக்குக் கூடுதலாகத் தேவைப்படுகிறது.

சடமோட்டோவின் எவாஞ்சலியன் 14-ஆம் தொகுதி 2014 நவம்பரில் வந்தபோது, கதை முடிந்த பிறகு அதில் ஒரு கூடுதல் அத்தியாயம் இருந்தது. 2009 திரைப்படத்தில் எந்த முன்வரலாறும் இல்லாமல் அறிமுகமான மாரி என்ற, கண்ணாடி அணிந்த பெண் அந்த அத்தியாயத்தில் 1998-ஆம் ஆண்டின் பல்கலைக்கழக ஆய்வகத்தில், ஷிஞ்சியின் பெற்றோரான யுய், கெண்டோ இருவரோடும் படிக்கும் இளம் மாணவியாக வருகிறாள். யுய்மீது அவளுக்கு ஆழ்ந்த பிரியம். அனிமேக்கும் இதற்கும் தொடர்பில்லை என்றே பலர் கருதினார்கள். 2021 மார்ச்சில் வெளியான கடைசித் திரைப்படத்தில் கெண்டோவின் இளமை நினைவுகள் திரையில் ஓடும்போது, யுய்யின் அருகே ஒரு கண்ணாடிப் பெண் சில நொடிகள் தெரிகிறாள். யாரும் பெயர் சொல்வதில்லை. அந்தத் தொகுதியைப் படித்திருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையும் இருக்கவில்லை.